சித்தப்பா வயலில் எழுந்த தண்ணீர்

போன புரட்டாசியில் என் மகன் என்னை வெந்நீர் பார்க்க அழைத்துப் போனான். இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் பெரிய தேசியப் பூங்கா அது, பூமிக்குள்ளிருந்து கொதிநீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு எழும், பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்று காரில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். வீட்டிலிருந்து இரண்டு பகல் பயணம். நடுவில் ஓர் இரவு விடுதியில் தங்கினோம். விடுதிக் குளியலறையிலும் வெந்நீர் வந்தது. அதை நான் சொல்லிக் காட்டவில்லை.

ஊற்றைச் சுற்றி வளைவாக மரப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எதையும் எண்ணாமல் உட்கார எனக்கு வராது. வாழ்நாளெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் பழக்கம் அதற்கும் முந்தியது. பெஞ்சுகள் முப்பத்தெட்டு. அதில் ஒன்று ஆடியது. நாங்கள் உட்கார்ந்தது அதில்தான். அடுத்த தண்ணீர் எத்தனை மணிக்கு எழும் என்று ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம் என்றும் சேர்த்து எழுதியிருந்தார்கள். நான் மகனிடம் காரைப் பூட்டினாயா என்று கேட்டேன். ரத்த அழுத்த மாத்திரை மருமகள் பையில் இருக்கிறதா என் பையில் இருக்கிறதா என்று கேட்டேன். பிறகு மறுபடியும் கார்.

அதற்குள் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. எங்களுக்கு முன்னால் ஒரு கிழத் தம்பதி ஒரே கோப்பையில் மாற்றி மாற்றிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் ஏற்றி வைத்திருந்தான். ஊற்றின் வாய் ஒரு தடவை இருமியதுபோல் கொஞ்சம் நீரைத் துப்பி அடங்கியது. கூட்டம் மொத்தமும் முன்னால் சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்துக்கொண்டார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். எனக்குப் பட்டது இதுதான். அந்தத் தண்ணீர் வராமல் போனால் அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் ஊரில் தண்ணீருக்காகக் காத்திருப்பது ஒரு பாடு. வாய்க்கால் தலைப்பில் நின்று, வானத்தைப் பார்த்து, மேல்மடைக்காரனைத் திட்டி, தூக்கம் கெட்டுக் காத்திருப்பார்கள். இங்கே தேவை என்று எதுவும் இல்லாமல், கையில் காப்பியோடு, வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒரு மாதத்துக்கு மேல் அதை நான் அனுபவித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பக்கத்திலேயே ஒருவர் தேவையோடு காத்திருந்தார் என்பதுதான் தெரியாது.

தண்ணீர் எழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. வெள்ளையாக, ஆவியோடு, காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. அடங்கியதும் கூட்டம் கோயிலில் தீபாராதனை முடிந்ததுபோல் எழுந்து போனது. மகனும் எழுந்தான். நீங்கள் போங்கள், நான் இருந்து அடுத்ததையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் வாயில் கேட்ட வார்த்தை என்று உறைத்தது.

அது என் சித்தப்பாவின் வார்த்தை.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில், பஸ் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. பாகம் பிரித்தபோது மேல்மடை நிலம் அப்பாவுக்கும் கடைமடை நிலம் அவர் தம்பியான சித்தப்பாவுக்கும் வந்தன. எப்படி அப்படி வந்தது என்று நான் அப்பாவிடம் கேட்டதில்லை. கேட்கக்கூடிய கேள்வியாகவும் அது இருந்ததில்லை. ஆற்றில் தண்ணீர் விட்டால் எல்லார் வயலும் குடித்து முடித்த பிறகு கடைசியாக அவர் வயலுக்கு வரும். சில வருஷம் வராது. வராத வருஷம் அவர் எங்கள் வயலில் வந்து வேலை செய்வார். அவரும் அப்பாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

சித்தி நீடாமங்கலத்துப் பெண். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். குழந்தை தங்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்கள். உடம்பு தேறிய பிறகும் அனுப்பவில்லை. தண்ணீர் ஏறாத நிலத்தை வைத்துக்கொண்டு என் பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்று அவள் அப்பா கேட்டாராம். சித்தப்பா ரோஷக்காரர். நிலத்தில் தண்ணீர் பாய்ந்து பச்சையைக் கண்ட அன்று நானே வந்து அழைத்துப் போகிறேன், அதுவரை இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் பெரியவர்கள் இதைப் பேசும்போது என்னை வெளியே போய் விளையாடச் சொல்வார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே விளையாடுவேன்.

அந்த வைகாசியில் சித்தப்பா தன் வயலில் கைபோர் போட ஆள் கூட்டிவந்தார். மூன்று கால் நட்டு, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, நாலு பேர் சுற்றிச் சுற்றி இறக்கினார்கள். துளை சரிந்துவிடாமல் இருக்கச் சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சாணி கரைப்பது என் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன். எத்தனை குழாய் இறங்கியது என்று எண்ணுவதும். ஐந்தோடு நிறுத்தலாம் என்றார்கள். சித்தப்பா இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்டுக் கேட்டு ஒன்பது இறங்கியது.

ஒன்பதாவது குழாய் முழுதாக இறங்கவில்லை. உள்ளே மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. போர்க்காரர்கள் குழாயை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் ஓடியதால் நாங்களும் ஓடினோம். சேறும் சாணியுமாக ஒரு வீச்சு எழுந்து, அதன் பின்னாலேயே தண்ணீர் எழுந்தது. இளந்தென்னை உயரம் இருக்கும். வயலில் நின்ற அத்தனை பேரும் நனைந்தோம். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. அவ்வளவுதான் போலிருக்கிறது என்று சித்தப்பா குழாய் வாயை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கொப்புளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போர்க்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி முனகியது, மறுபடி எழுந்தது.

அன்றிலிருந்து பகலும் இரவும் அது எழுந்து எழுந்து அடங்கியது. வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் அப்பாவின் மணிக்கட்டில் இருந்ததால் நான் வாயால் எண்ணினேன். ஒன்றிலிருந்து ஆயிரம் வரை மூன்று தடவை எண்ணினால் தண்ணீர் வரும். நிதானமாக எண்ண வேண்டும். அவசரப்பட்டால் மூன்றரை ஆகிவிடும். என் கணக்கு தப்பவில்லை என்று தெரிந்ததும் ஊரே என்னிடம் கேட்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. காலையிலிருந்து குழாய்க்குப் பக்கத்தில் புங்கமர நிழலில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள், "எத்தனை ஆயிரம் இருக்கு தம்பி?" என்று கேட்பார்கள். நான் விரலைக் காட்டுவேன். பேசினால் எண் விட்டுப் போய்விடும்.

அம்மாவும் தெருப் பெண்களும் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் செய்வதுபோல் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அடுத்த வீச்சில் அது கழுவிக்கொண்டு போயிற்று. மறுபடி வைத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தொங்கிப் பார்த்தார்கள். அப்புறம் இறங்கியே பார்த்தார்கள். மன்னார்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கமர்கட் விற்கிறவர் கூடையைச் சித்தப்பா வரப்பில் வைத்தார். முதல் நாள் வந்து நனைந்து போனவர்கள் மறுநாள் வரும்போது மாற்றுத் துணி கொண்டுவந்தார்கள். பெண்கள் புடவையைப் பையில் வைத்து எடுத்துவந்து, நனைந்த பிறகு புங்கமரத்துக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நிலத்துக்கு அதுவரை யாரும் எதற்காகவும் வந்ததில்லை. சித்தப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல் வரப்பில் நின்று எல்லாரையும் வரவேற்றார். எல்லாரிடமும் அதே வார்த்தை: "இருங்க. இப்ப வந்தது சின்னது. அடுத்தது பெருசா வரும். இருந்து பார்த்துட்டுப் போங்க."

தண்ணீர் உப்பாக இருந்தது. முதலில் வாயில் ஊற்றிப் பார்த்தவன் நான்தான். அப்பாவும் பார்த்தார், பக்கத்து நிலத்துக்காரர்களும் பார்த்தார்கள். துப்பிவிட்டு, முதல் தண்ணீர் அப்படித்தான் இருக்கும், போகப் போகத் தெளிந்துவிடும் என்றார்கள். அவர்கள் எல்லாரும் வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஆற்றில் விட்ட முதல் தண்ணீர் நுங்கும் நுரையுமாக, குப்பையும் செத்தையுமாகத்தான் வரும். யாரும் குடிக்க மாட்டார்கள். சில நாளில் தானாகத் தெளியும், இனிக்கும். தண்ணீர் என்றால் ஓட ஓட நல்லதாகும் என்பது அவர்கள் கண்டது. ஓட ஓட நல்லதாகாத தண்ணீரும் உண்டு என்று அந்த மண்ணில் யாரும் கண்டதில்லை. அதனால் சித்தப்பா பயமில்லாமல் அதைக் குறுவை நாற்றங்காலுக்குத் திருப்பிவிட்டார். நாற்றும் பச்சையாகக் கிளம்பியது.

ஜீப்பில் இரண்டு அதிகாரிகள் வந்த அன்றுதான் சித்தி வந்தாள்.

நீடாமங்கலத்து பஸ் நின்று, கூட்டமாக ஆட்கள் இறங்கினார்கள். கடைசியாகச் சித்தி இறங்கினாள். கையில் பெரிய துணிப்பை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்துவந்தாள். வீட்டுக்குப் போவதானாலும் அந்த வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்த்து மரத்தடிக்கு வந்து பையை வேருக்குப் பின்னால் வைத்தாள். இளைத்துப் போயிருந்தாள். என் தலையைத் தடவிவிட்டு, "எத்தனை ஆயிரம்டா இருக்கு?" என்று கேட்டாள். நீடாமங்கலம் வரை என் கணக்கு போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் எண் விட்டுப் போயிற்று.

சித்தி என் பக்கத்திலேயே நின்று சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் அதிகாரிகளோடு இருந்தார். அவர்கள் குழாய் வாயில் மோந்து பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஏதோ வாயு தள்ளுகிறது, இங்கே யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எழுந்தது. கூட்டம் கத்தியது. சித்தி அண்ணாந்து பார்க்கவில்லை. காலடியில் ஓடிவந்த தண்ணீரைக் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அப்போது சித்தப்பா அவளைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தவர், கிட்டே வந்ததும் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு இரண்டு முழம் தள்ளி நின்றார்.

"வா. மாமா வரலையா?"

"இல்ல. நான்தான் வந்தேன்."

"பார்த்தியா?" என்று குழாயைக் காட்டினார். "நாத்தைப் பார்த்தியா? பச்சை கண்டுடுச்சு."

"தண்ணி உப்பா இருக்கே."

"இப்ப கலங்கல். தெளிஞ்சிடும்."

"தெளியலேன்னா?"

"தெளியாம எங்க போகும். தெளியட்டும், நாலு பேரைக் கூட்டிக்கிட்டு நானே வந்து உன்னை முறையா அழைச்சிட்டு வர்றேன். சொன்னது சொன்னதுதான்."

சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதிகாரிகளில் ஒருவர் அங்கிருந்து கூப்பிட்டார். சித்தப்பா திரும்பி இதோ வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவளிடம் சொன்னார். "அடுத்தது பெருசா வரும். இருந்து பார்த்துட்டுப் போ."

சித்தி இருந்தாள். என் பக்கத்தில் வேரில் உட்கார்ந்து, நான் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாவது ஆயிரம் முடிந்தபோது அப்பா அந்தப் பக்கம் வந்து, வா என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது ஆயிரத்தில் ஜீப்பில் ஏதோ பேச்சு நீண்டது. சித்தப்பா ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார். தண்ணீர் சொன்னபடி எழுந்தது. உண்மையிலேயே பெரிதாக எழுந்தது. சித்தி பார்த்தாள். அது அடங்கியதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போகவில்லை. அவரைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

நான் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு சாலை வரை கூடப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் அந்தக் காது அறுந்து பை கவிழ்ந்தது. புடவைகள் புழுதியில் விழுந்தன. ஒரு தோசைக்கல் உருண்டு போய்ச் சாலையோரத்தில் சுழன்று படுத்தது. நான் ஓடி எடுத்துவந்தேன். புடவைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். ஆறு புடவை. ஒரு சீப்பு, ஒரு குங்குமச் சிமிழ். சித்தி எல்லாவற்றையும் வாங்கி மறுபடி அடுக்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பெரியவனான பிறகு துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவள் தன் அப்பாவிடம் சொல்லாமல் கிளம்பி வந்தவள். மறுநாள் முதல் பஸ்ஸில் சித்தப்பா ரோஷத்தை விட்டுவிட்டு நீடாமங்கலம் போனார். மாமனார் மோர் கொடுத்து உட்காரவைத்து, தானாகத் தேடிவந்தவளுக்குத் தண்ணீரை வேடிக்கை காட்டித் திருப்பி அனுப்பினீர்களே, இனி எந்த முகத்தோடு அவளை அனுப்புவேன் என்று கேட்டார். சித்தி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. இன்னொரு முறையும் போனார். இன்னொரு மோர்.

தண்ணீர் தெளியவில்லை. பார்க்கத் தெளிவாகத்தான் ஓடியது. உப்பு மட்டும் போகவில்லை. நாற்று நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. நாற்றங்கால் காய்ந்த இடங்களில் மண் வெள்ளை பூத்தது. அப்புறம் குழாயும் அடங்கியது. என் மூன்று ஆயிரம் நாலாயிற்று, ஆறாயிற்று. கடைசியில் ஒருநாள் பத்து ஆயிரம் எண்ணியும் வராமல், பசி தாங்காமல் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன்பே கூட்டம் நின்றுவிட்டது. அடுத்த சில வருஷம் அந்த நிலத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. சித்தப்பா கடைசி வரை எங்கள் வீட்டில் சாப்பிட்டார், எங்கள் வயலில் வேலை பார்த்தார். சித்தி நீடாமங்கலத்தில் தையல் கற்றுக்கொண்டு பிழைத்தாள். சித்தப்பா இறந்த அன்று வந்தாள். கையில் பை எதுவும் இல்லை. சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள்.

இதெல்லாம் பிறகு. அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது சித்தி வந்துபோன அன்றைய சாயங்காலம்தான்.

ஜீப் போய்விட்டது. கூட்டம் கலைந்து வயலில் சித்தப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் மண்வெட்டியால் மடையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வாய்க்குள் பாட்டு எதையோ முனகிக்கொண்டிருந்தார். சித்தி பஸ் ஏறிவிட்டாளா என்று கேட்டார். ஏறிவிட்டாள் என்றேன். பெரியதைப் பார்த்தாளா என்று கேட்டார். பார்த்தாள், அது எப்போது வரும் என்று நான் சரியாகச் சொன்னேன் என்றேன். சித்தப்பாவுக்குச் சந்தோஷம். அவரை இன்னும் சந்தோஷப்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது.

"சித்திக்கு நனையறதுன்னா ரொம்ப பயம் சித்தப்பா. மத்தவங்க எல்லாம் ஒரு புடவைதான் கொண்டுவர்றாங்க. சித்தி ஆறு புடவை கொண்டுவந்திருந்தாங்க. ஒண்ணுகூட மாத்தல."

சித்தப்பா மண்வெட்டியை நிறுத்தினார்.

"ஆறா?"

"நான்தான் எண்ணி எடுத்துக் கொடுத்தேன். பை காது அறுந்துடுச்சு. தோசைக்கல்கூட வச்சிருந்தாங்க. அது எதுக்கு சித்தப்பா?"

அந்த நேரம் குழாய் முனகியது. அன்றைய நாளிலேயே அதுதான் உயரம். மேற்கே வெயில் சாய்ந்திருந்ததால் தண்ணீர் முழுக்க மஞ்சளாக எழுந்தது. நான் குதித்தேன். சித்தப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி நின்றார். தண்ணீர் அவர் தலையிலும் முதுகிலும் விழுந்து வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. அவர் நகரவில்லை, திரும்பவில்லை.

வந்தவர்களையெல்லாம் இருந்து பார்க்கச் சொன்ன மனிதர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைப் பார்க்காமல் நின்றார். தினமும் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சலிக்கவில்லை. தண்ணீர் அடங்கியதும், அடுத்ததற்காக, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.